மார்கழி ஒரு மாதம் மெஷினுக்கும் எனக்கும் ஓய்வு

டிசம்பர் 15ஆம் தேதி சாயங்காலம் கடை வாசலில் ஓர் அட்டையைத் தொங்கவிடுவேன்: "புது ஆர்டர் தை பிறந்த பிறகு." மறுநாள் மார்கழி.

மந்தைவெளியில் இருபத்தாறு வருடமாக லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். ஆவணி முகூர்த்தத்தில் பிடிக்கும் ஓட்டம், நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை முகூர்த்தம் என்று நாலு மாதம் நிற்காது. மார்கழியில் கல்யாணம் கிடையாது. எங்கள் தொழிலுக்கு நாட்காட்டியே கொடுத்திருக்கும் விடுப்பு அது. ஆனால் நான் அந்த மாதத்தையும் ஃபால்ஸ் அடிப்பதிலும் பழைய ஜாக்கெட்டைப் பிரித்துத் தைப்பதிலும் நிரப்பிக்கொண்டே இருந்தேன். நாற்பத்தைந்து வயதில், ஒரு தை மாதம், வலது கைக் கட்டைவிரல் கத்திரிக்கோலைப் பிடிக்க மறுத்துவிட்டது. முகூர்த்தத் துணிகளைக் கண்ணீரோடு பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்தேன். அதற்கு அடுத்த மார்கழியிலிருந்துதான் இந்த அட்டை. ஏழு வருடம் ஆகிறது. இந்த ஏழு வருடத்தில் எது எனக்கு உதவியதோ அதை எழுதுகிறேன்.

முதலில் பணம். கடையை முழுதாக மூட எனக்கு வசதியில்லை. ஆவணி பிறந்ததும் வாரம் ஐந்நூறு ரூபாயைத் தனி டப்பாவில் போட ஆரம்பிப்பேன், தீபாவளிச் சீட்டு மாதிரி. மார்கழி வரும்போது எட்டாயிரத்துக்குக் குறையாது. கடை வாடகையின் பெரும்பகுதி அதில் போய்விடும். காலை பத்தரைக்குத் திறந்து, தைத்த துணிகளை டெலிவரி கொடுத்து, கொக்கி, பித்தான் போன்ற சில்லறை வேலை முடித்து, ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிடுவேன். ஓய்வு எடுங்கள் என்று யார் சொன்னாலும், அந்த மாதத்து வாடகையை யார் கொடுப்பது என்ற கேள்வி நம் போன்றவர்களுக்கு முன்னால் வந்து நிற்கும். அதனால் மூலிகைக்கு முன்னால் டப்பாவைச் சொல்கிறேன்.

விளக்கு வைத்த பிறகு

"விளக்கு வைத்த பிறகு ஊசி எடுக்காதே" என்று என் அம்மா சொல்வார். மூடநம்பிக்கை என்று ட்யூப்லைட் வெளிச்சத்தில் பதினோரு மணி வரை தைத்தவள் நான். இப்போது அந்தச் சொல்லை வேறு மாதிரி பார்க்கிறேன். சென்னையில் நவம்பர் கடைசியில் 5.40க்கெல்லாம் சூரியன் மறைகிறது. ஜூன் மாதத்தைவிடக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்னதாக. அம்மா காலத்தில் பொழுது சாய்ந்தால் கண்ணும் கையும் தானாக நின்றன. எங்களுக்குத்தான் ஸ்விட்ச் இருக்கிறதே, நிற்கவே இல்லை.

மார்கழியில் நான் கடைப்பிடிப்பது இது. ஆறு மணிக்கு விளக்கேற்றியதும் வீட்டில் பெரிய ட்யூப்லைட்டை அணைத்து, மஞ்சள் பல்பு ஒன்றை மட்டும் போடுவேன். ஏழரைக்குள் சாப்பாடு. எட்டரைக்குப் போன் சமையலறை அலமாரிக்குள் போய்விடும். ஒன்பதரைக்குப் பாய். முதல் வாரம் தூக்கம் வராது. வராவிட்டாலும் படுத்திருங்கள். இரண்டாவது வாரம் வரும். மாடிக்குப் போய்க் கொடியில் துணி எடுப்பது, இட்லிக்கு ஊறப்போடுவது எல்லாவற்றையும் ஐந்தரைக்குள் முடித்துவிட்டால், ராத்திரியில் எழுந்து ஓட வேண்டிய காரணங்கள் பாதி குறையும்.

காலை நாலு மணிக்கு எழுந்து பனியில் வாசல் தெளித்துப் பெரிய கோலம் போடுவது மார்கழியின் அழகு, மறுக்கவில்லை. அப்படி எழுகிறவர்கள் ஒன்பதுக்கே படுத்துவிட வேண்டும். ராத்திரி பன்னிரண்டு வரை கச்சேரியும் சீரியலும், காலை நாலுக்குக் கோலமும் என்றால் பத்தாவது நாள் தொண்டை கட்டும். நான் ஐந்தேமுக்காலுக்கு எழுந்து, தலையில் பருத்தித் துண்டைக் கட்டிக்கொண்டு சின்னதாக ஒரு கோலம் போடுகிறேன். நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு நடக்கப் போவதும் ஏழரை மணிக்குத்தான், வெயில் மரங்களுக்குள் இறங்கிய பிறகு.

எண்ணெய்க் குளியல் நாள்

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும்.

கால் டம்ளர் நல்லெண்ணெயை இரும்புக் கரண்டியில் சிறு தீயில் வைத்து, நாலு மிளகு, ஒரு சிட்டிகை ஓமம், கிள்ளிப் போட்ட ஒரு வெற்றிலை சேர்ப்பேன். வெற்றிலை சடசடவென்று பொரிந்து அடங்கியதும் இறக்கிவிட வேண்டும். புகைய விடக் கூடாது. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு முதலில் உச்சந்தலை, அப்புறம் காது மடல், பிடரி, தோள், முழங்கை, ஒவ்வொரு விரல் கணு, கடைசியில் பாதம். தையல் வேலை செய்கிறவர்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையைத் தனியாக ஐந்து நிமிஷம் அழுத்தி விடுங்கள். கத்திரிக்கோலின் பாரம் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

அரை மணி நேரம் ஊறினால் போதும். அந்த நேரத்தில் வேலை செய்யாதீர்கள். மாடிப்படியில் வெயில் படும் இடத்தில் உட்காருங்கள். குளிப்பது எட்டு மணிக்கு மேல். தலைக்குச் சீயக்காய், சோறு வடித்த கஞ்சியில் குழைத்தது. கஞ்சி சேர்த்தால் முடி வறட்டுவதில்லை. எண்ணெய்க் காலோடு குளியலறைத் தரையில் நிற்பது ஆபத்து. பழைய சாக்கை நனைத்து விரித்து, உயரமான பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து குளியுங்கள். என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, எழுபத்தெட்டு வயது. அவரை நான்தான் குளிப்பாட்டுகிறேன். கதவைத் தாழ் போடுவதில்லை. சளியோ காய்ச்சலோ இருந்தால் அந்த வாரம் எண்ணெய் வேண்டாம்.

தலை துவட்டியதும் எல்லோரும் சாம்பிராணி போடச் சொல்வார்கள். பஞ்சுத் தூசி பல வருடம் உள்ளே போனதில் எனக்கு வீசிங் உண்டு, அதனால் புகை எனக்கு ஆகாது. உங்களுக்கும் மூச்சுத் தொந்தரவு இருந்தால் வெயிலிலேயே காய வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த நாளின் சட்டங்கள். எண்ணெய் தேய்த்த அன்று வெயிலில் அலையக் கூடாது, கனமான வேலை கூடாது, தயிர் கூடாது, குளிர்ந்தது கூடாது, மிளகு ரசமும் சூடான சோறும்தான். சின்ன வயதில் இதையெல்லாம் தண்டனை மாதிரி நினைத்தேன். இப்போது எண்ணிப் பார்க்கிறேன்: எங்கள் பாட்டிகள் ஒரு கூட்டுக் குடும்பத்துக்கே சமைத்தவர்கள். "எனக்கு ஓய்வு வேண்டும்" என்று சொல்ல அவர்களுக்கு வாயே கிடையாது. "இன்றைக்கு எண்ணெய் தேய்த்திருக்கிறேன்" என்று சொல்லலாம். அதை யாரும் எதிர்த்துப் பேச முடியாது. எண்ணெயின் குணம் ஒரு பங்கு என்றால், இந்தச் சட்டங்கள் தந்த ஓய்வு இன்னொரு பங்கு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவசரமாக எண்ணெய் தடவி, அவசரமாக ஷாம்பு போட்டு, ஈரத் தலையோடு பஸ் பிடிக்கிறவர்களுக்கு அந்த இரண்டாவது பங்கு கிடைப்பதே இல்லை. அதனால் எண்ணெய்க் குளியலை லீவு நாளில் வையுங்கள். கிழமை உங்கள் வசதி.

பகலில் தூங்கக் கூடாது என்பதும் ஒரு சட்டம். நான் தூங்குவதில்லை. ஜன்னல் பக்கம் தலையணை போட்டு, ஒரு மணி நேரம் சும்மா படுத்திருப்பேன். அன்று ராத்திரி வரும் தூக்கத்துக்கு ஈடே இல்லை.

நீங்களே தைத்துக்கொள்ளக் கூடிய இரண்டு

சென்னைக் குளிர் என்பது டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை 21, 22 டிகிரி. வடக்கே இருப்பவர்களுக்கு அது குளிரே இல்லை. மே மாதம் 38, 40 டிகிரியில் வெந்த உடம்புக்கு அது குளிர்தான். அதோடு வடகிழக்குப் பருவமழை. நம் ஊருக்கு வருடம் முழுவதும் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. சுவர், பாய், தலையணை எல்லாம் ஈரம் குடித்திருக்கும். ஆக, நமக்கு ரஜாய் தேவையில்லை. காய்ந்த படுக்கையும் மெல்லிய போர்வையும் கொஞ்சம் சூடும் தேவை.

போர்வை: நன்கு துவைத்த பழைய பருத்திப் புடவை இரண்டு. சுங்குடி மிக நல்லது, உடம்பில் ஒட்டிக்கொள்ளும். ஐந்தரை மீட்டர் புடவையை இரண்டாக மடித்தால் இரண்டே முக்கால் மீட்டர் நீளம், இரண்டு அடுக்கு. இன்னொன்றையும் அதே மாதிரி மடித்து அதன்மேல் வையுங்கள். நாலு அடுக்கு ஆயிற்று. நாலு பக்கமும் உள்ளே மடக்கி அடித்து, நடுவில் சாண் இடைவெளிக்கு ஒரு வரிசை கையால் ஓட்டுத் தையல் போடுங்கள். மெஷின் தையல் விறைப்பாகிவிடும். பகலில் போடுங்கள், ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

இந்தப் போர்வை எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2015 டிசம்பரில் நாங்கள் கோட்டூர்புரத்தில் கீழ்வீட்டில் இருந்தோம். அடையாற்றுத் தண்ணீர் உள்ளே வந்தபோது இலவம்பஞ்சு மெத்தை இரண்டும் போயின. எத்தனை நாள் காய வைத்தாலும் வாடை போகவில்லை. மேல்வீட்டு அக்கா தன் புடவைகள் எட்டைக் கொடுத்தார். அதில் தைத்த நாலு போர்வையில் இரண்டு இன்றும் இருக்கின்றன. அதிலிருந்து, துவைத்துக் காய வைக்க முடியாத எதையும் நான் படுக்கைக்கு வாங்குவதில்லை. மழை விட்டு வெயில் பளிச்சென்று அடிக்கும் முதல் நாள், பத்து மணிக்குப் பாய், தலையணை, போர்வை எல்லாம் மொட்டை மாடிக்குப் போகும். மூன்று மணிக்கு உதறி எடுத்து வருவேன். மூன்றைத் தாண்டினால் மறுபடி ஈரம் ஏறும்.

ஒத்தடப் பை: லைனிங் துணியைவிடக் காடாத் துணி நல்லது. பத்துக்கு ஆறு அங்குலம், இரட்டை அடுக்கு, பருத்தி நூலால் இரண்டு முறை அடித்த தையல். பாலியெஸ்டர் துணியும் நூலும் கூடவே கூடாது, சூட்டில் இளகிவிடும். வாய்ப்பக்கம் நாடா வைத்துக்கொள்ளுங்கள். முந்நூறு கிராம் கல் உப்பை இரும்பு வாணலியில் ஐந்தாறு நிமிஷம் வறுங்கள். முதலில் படபடவென்று வெடிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். சத்தம் அடங்கியதும் அடுப்பை அணைத்து, இரண்டு நிமிஷம் விட்டுப் பையில் கொட்டிக் கட்டுங்கள். மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்து, சுகமாக இருந்தால் மட்டும் தோள், பிடரி, முட்டிக்கு. முதலில் தொட்டுத் தொட்டு எடுங்கள், சூடு தணிந்த பிறகு அப்படியே வைக்கலாம். பத்து நிமிஷம் போதும். மூட்டு வீங்கிச் சிவந்து கொதித்தால் ஒத்தடம் வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாலு வருடம் முன்னால் அத்தையின் பாதங்களை வெந்நீரில் கல் உப்புப் போட்டு ஊற வைத்தேன். "சூடு சரியா இருக்கா அத்தை?" என்று கேட்டேன். "சூடே இல்லையேம்மா" என்றார். இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். மறுநாள் இடது பாதத்தில் கொப்புளம். பல வருடச் சர்க்கரையில் அவருடைய பாதம் மரத்துப்போயிருந்தது, சூடு அவருக்குத் தெரியவே இல்லை. அந்தப் புண் ஆற இரண்டு மாதம் ஆனது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறும். சர்க்கரை உள்ளவர்களுக்கு நீரின் சூட்டை வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும், வெதுவெதுப்பு போதும், ஒத்தடப் பை பாதத்துக்கு வேண்டவே வேண்டாம். கால் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, குதிகாலுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய். விரலிடுக்கில் எண்ணெய் விட்டால் அங்கே ஈரம் தங்கிப் புண்ணாகும்.

அடுப்படி

சமையலில் பெரிதாக மாற்ற ஒன்றுமில்லை. மிளகு கொஞ்சம் கூட, புளி கொஞ்சம் குறைய.

சுக்கு மல்லிப் பொடி மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை அரைப்பேன். தனியா நூறு கிராம், சுக்கு ஐம்பது, மிளகு ஒரு ஸ்பூன், ஏலக்காய் நாலு. "சுக்குக்குப் புற நஞ்சு, கடுக்காய்க்கு அக நஞ்சு" என்பார்கள். அதனால் சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டுத்தான் இடிக்க வேண்டும். தனியாவை வாசனை வரும் வரை வெறும் வாணலியில் வறுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் பொடி, ஐந்து நிமிஷக் கொதி, ஒரு துண்டு கருப்பட்டி. கருப்பட்டியும் சர்க்கரைதான், அத்தைக்குக் கருப்பட்டி போடாமல் கொடுப்பேன். சாயங்காலக் காபிக்குப் பதில் இதைக் குடித்தால் ராத்திரித் தூக்கம் கெடாது.

உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தால் கண்டந்திப்பிலி ரசம். கண்டந்திப்பிலிக் குச்சி ஐந்தாறு, மிளகு ஒரு ஸ்பூன், துவரம்பருப்பு ஒரு ஸ்பூன், ஒரு மிளகாய் வற்றல், நெய்யில் வறுத்து, கடைசியில் பச்சைச் சீரகம் சேர்த்து அரைத்து, நீர்க்கக் கரைத்த புளித் தண்ணீரில் நுரை கட்டும் வரை கொதிக்க விட வேண்டும். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடையில் கண்டந்திப்பிலி, சுக்கு, ஓமம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். தூதுவளை கிடைத்தால் இலையின் முள்ளை நீக்கி நெய்யில் வதக்கித் துவையல். பொங்கல் நெருங்கும்போது பனங்கிழங்கு வரும், மஞ்சளும் உப்பும் போட்டு வேக வையுங்கள். மாலை நேரப் பசிக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை.

தண்ணீர். குளிரில் தாகம் எடுக்காது. அதோடு கடையில் கழிவறை இல்லாத பெண்கள் வேண்டுமென்றே குடிப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன், நீர்க்கடுப்பு வந்து அவதிப்பட்டேன். பக்கத்து மருந்துக் கடை அக்காவிடம் வெட்கப்படாமல் கேட்டேன், அவர்கள் கழிவறையைத் திறந்துவிட்டார். கேளுங்கள். வெந்நீரை ஃபிளாஸ்க்கில் வைத்துக்கொண்டால் குடிக்கத் தோன்றும்.

மூக்கடைப்புக்கு ஆவி பிடிப்பது நல்லது. நொச்சி இலை ஒரு கைப்பிடி இருந்தால் போதும். கொசுவுக்காக மாநகராட்சியே ஒரு சமயம் நொச்சிச் செடி கொடுத்தது, அதனால் நம் தெருக்களில் தேடினால் கிடைக்கும். பாத்திரத்தைத் தரையில் வைத்து, நீங்கள் ஸ்டூலில் உட்காருங்கள். குழந்தைகளைப் போர்வைக்குள் கொதிநீரோடு உட்கார வைக்காதீர்கள், கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் போதாத நேரம்

மழைக்காலத்துக் காய்ச்சலைக் கஷாயத்தோடு நிறுத்தாதீர்கள். டெங்கு நம் ஊரில் இந்த மாதங்களில்தான் அதிகம். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால் இரத்தப் பரிசோதனை அவசியம். அதுவரை பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் கூடாது, இரத்தக் கசிவை அதிகமாக்கும். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல் விடும் சமயம்தான் டெங்குவில் மோசமான கட்டம். தேங்கிய தண்ணீரில் நடந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்பவர்களுக்கு அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. வாட்ஸப்பில் வந்த கஷாயத்தைக் குடிப்பதைவிட அங்கே போய் நாடி பார்த்துக் கேட்பது எவ்வளவோ மேல்.

போகி விடியற்காலையும் எங்களைப் போல வீசிங் உள்ளவர்களுக்குச் சோதனை. பனியும் புகையும் சேர்ந்து கீழேயே நிற்கும். 2018 போகியன்று புகைமூட்டத்தில் விமானங்களையே வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். முந்தின ராத்திரியே ஜன்னலை அடைத்து, கீழ்ச் சந்தில் ஈரத்துணி வைத்து, எட்டு மணி வரை வெளியே போகாதீர்கள். இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டெய்லர் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெட்டுத் துண்டுகளைப் போகியில் கொளுத்தாதீர்கள். நைலக்ஸும் ஜார்ஜெட்டும் எரிந்த புகை அந்தத் தெருக் குழந்தைகளின் நெஞ்சுக்குத்தான் போகும்.

தை பிறந்ததும் கடை திறந்துவிடுவேன், போர்வையை மட்டும் எடுத்து வைக்க மாட்டேன். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருப்பார். மாசி பாதி தாண்டி, விடியற்காலையில் நீங்களே காலால் போர்வையைத் தள்ளிவிடும் நாள் வரும். அன்றைக்குத் துவைத்து, இரண்டு முழு வெயில் காய வைத்து, காய்ந்த வேப்பிலை நாலு கொத்து நடுவில் போட்டு மடியுங்கள். மடிப்பு வருடா வருடம் ஒரே இடத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய புடவை அங்கேதான் முதலில் கிழியும்.